பொன்னாடையை ஓரம் வையுங்கள்: ஊர் முன்மாதிரிகளை மாணவர்களோடு சேர்க்கும் வழி

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பெரும்பாலான பள்ளிகளில் ஒரே காட்சிதான். வாசலில் ஃப்ளெக்ஸ், மேடையில் சிறப்பு விருந்தினர், வெயிலில் வரிசையாகப் பிள்ளைகள். பொன்னாடை, முக்கால் மணி நேரப் பேச்சு, ஒரு மரக்கன்று, அதைச் சுற்றி இருபது பேர் நின்று ஒரு ஃபோட்டோ. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் அந்தக் குழியில் காய்ந்த குச்சி நிற்கும். "அன்னைக்கு வந்தவர் என்ன செய்றவர்?" என்று ஒரு மாணவரிடம் கேட்டால், "மரம் நடுறவர் சார்" என்பதற்கு மேல் பதில் வராது.

இதில் இரண்டு பிழைகள். ஒன்று, பருவம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு நம்பகமான மழை அக்டோபர் கடைசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. கன்னியாகுமரி, நீலகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையடி ஊர்கள் போன்ற சில இடங்களைத் தவிர, ஜூன் முதல் வாரம் நட்ட கன்றுக்கு நான்கைந்து மாதம் குடம் குடமாக ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று விழாவில் யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று, வந்தவர் பெரியவர் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அவர் அந்த வேலையை எப்படிச் செய்கிறார் என்று ஒருவரும் காட்டவில்லை. மேடையில் இருப்பவருக்குக் கைதட்டலாம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்தால்தான் "நாமும் செஞ்சு பார்க்கலாமே" என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும்.

கீழே உள்ள முறை 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பசுமைப் படை அல்லது சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கானது. ஒரு கல்வியாண்டுக்கு ஒரே முன்மாதிரி, ஒரே வேலை. இரண்டாவது ஆளைச் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

ஆளைத் தேடுவது

ஜூன் கடைசி வாரம் பிள்ளைகளிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். தண்ணீர், குப்பை, மரம், விதை, விலங்கு என்று ஐந்து தலைப்புகள். ஊரில் இவற்றை தினமும் பார்த்துக்கொள்வது யார்? ஒரு வாரம் கழித்து எழுதி வர வேண்டும். முதல் தடவை கவுன்சிலர் பெயரும், யூடியூபில் பார்த்தவர் பெயரும்தான் வரும். திருப்பிக் கொடுத்து இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: "அவர் பத்து நாள் வரலைன்னா ஊர்ல எது நின்னு போகும்?" இரண்டாவது தடவை வரும் பட்டியல் வேறாக இருக்கும். குழாய் திறந்துவிடும் பம்ப் ஆபரேட்டர், தூய்மைக் காவலர், வீட்டுக்குப் பின்னால் நாட்டு அவரை போட்டு விதை எடுத்து வைக்கும் பாட்டி, கண்மாய் மடையைத் திறந்து மூடும் தாத்தா.

அந்தப் பட்டியலை மூன்று கேள்விகளால் சலியுங்கள். பள்ளியிலிருந்து நடந்தோ ஒரே டவுன் பஸ்ஸிலோ போகிற தூரமா? இந்த வாரமும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரா? அதில் ஒரு துண்டையாவது 12 வயதுப் பிள்ளை ஆபத்தில்லாமல் தன் கையால் செய்ய முடியுமா? மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் கழிவார்கள். பாம்பு பிடிப்பவரைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இதையெல்லாம் சொல்லலாம், அழைத்துப் போய்க் காட்டலாம். ஆண்டு முழுக்கச் செய்யும் வேலையாக மட்டும் எடுக்காதீர்கள். மறுநாளே ஒரு பையன் குச்சியோடு புதருக்குள் போவான்.

தென்மாவட்டங்களில் இன்னும் கிடைக்கிற அருமையான முன்மாதிரி, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் நீர்க்கட்டி. நீர்பாய்ச்சி என்றும் சொல்வார்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த மடையை எப்போது எத்தனை நேரம் திறப்பது, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், கரையில் நண்டு வளை எங்கே ஓட்டை போட்டிருக்கிறது, கண்மாய் நிரம்பிக் கலுங்கில் மறுகால் பாயும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். கூலியாக அறுவடையில் நெல் வாங்கிய வேலை அது. மழை பெய்யும் இரவில் மண்வெட்டியோடு கரையில் நிற்கிறவர். பாடப்புத்தகத்தில் 'நீர் மேலாண்மை' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை ஆயுள் முழுக்கச் செய்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், பிள்ளைகளுக்குத் தெரியாது.

நீர்க்கட்டியோ தூய்மைக் காவலரோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருப்பார். இதைக் கண்டும் காணாமல் விட்டால் நிகழ்ச்சியே பொய்யாகிவிடும். அவருக்கு ஆசிரியர் உட்காரும் அதே நாற்காலி. டீ எல்லோருக்கும் தரும் அதே டம்ளரில். பிள்ளைகள் ஐயா, அம்மா, தாத்தா, அக்கா என்று கூப்பிட வேண்டும். ஊரில் அவரைப் பெயர் சொல்லியோ சாதி சொல்லியோ ஒருமையில் கூப்பிடும் வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், அவர் முன்னால் திருத்தும் நிலைமை வரக்கூடாது.

பிரபலமானவர்களை எப்படிப் பயன்படுத்துவது

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊறுகாய் அளவுக்கு வையுங்கள். ஒருவரைப் பற்றிப் பத்து நிமிடம், அதில் ஒரே ஒரு செயல்முறை, முடிந்தால் ஒரு எண். பிறந்த ஊர், விருதுப் பட்டியல் எல்லாம் பேச்சுப் போட்டிக்கு ஆகும், இங்கே வேண்டாம்.

கர்நாடகத்தில் ஹுலிகல், கூதூர் ஊர்களுக்கு இடையில் சாலையோரம் ஆலமரங்கள் வளர்த்த சாலுமரத திம்மக்காவும் அவர் கணவரும் முதல் ஆண்டு நட்டது 10 கன்றுகள். அடுத்த ஆண்டு 15, அதற்கடுத்து 20. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, மாடு கடிக்காமல் முள்வேலி கட்டினார்கள். கடைசியில் நின்றவை 385 என்பதைவிட அந்த முதல் 10தான் பிள்ளைகளுக்குத் தேவையான எண். நூறு கன்று நட வேண்டும் என்று துள்ளும் மன்றத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமை வளைய இயக்கத்தில், கன்று வளர்த்த பெண்களுக்கு, பிழைத்து நின்ற கன்றுகளை எண்ணித்தான் சிறு தொகை தரப்பட்டது. உங்கள் பதிவேட்டிலும் 'நட்டவை' என்ற பத்தியை எடுத்துவிட்டு 'உயிரோடு இருப்பவை' என்று போட்டுப் பாருங்கள். ஆண்டு அறிக்கையே மாறும்.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதை 2 கிலோ வாங்கிப் போகும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். அவ்வளவும் பரவியது இந்த எளிய கணக்கால்தான். வகுப்பறைக்கு அப்படியே பொருந்தும் முறை இது. கீழே பார்ப்போம்.

ராஜஸ்தானில் ராஜேந்திர சிங் 1985இல் அல்வார் மாவட்டக் கிராமத்துக்குப் போனது மருத்துவம், கல்வி என்ற எண்ணத்தோடு. தண்ணீர்தான் முதல் தேவை, பழைய ஜோஹட் குட்டைகளைத் தூர்வாரு என்று சொன்னவர் அந்த ஊர்ப் பெரியவர். உலகம் அறிந்த 'தண்ணீர் மனிதரு'க்கும் பாடம் சொன்னவர் ஒரு கிராமத்து ஆள் என்று சொல்லி நிறுத்தினால், உங்கள் ஊர்த் தாத்தாவைப் பிள்ளைகள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

தனி ஆள்தான் வேண்டும் என்றில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே பல பத்தாண்டுகளாக விட்டிருக்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் 1988 முதல், கடலாமை முட்டைகளைக் காக்க இரவில் மணலில் நடப்பவர்கள் மாணவர்கள். "நாங்க சின்னப் பிள்ளைங்க சார்" என்று சொல்பவர்களுக்கு, தேய்ப்பு வண்டியில் எரியும் கரியைப் பார்த்துச் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் போதும். 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசும்போதும் அவர் பள்ளி மாணவிதான்.

போவதற்கு முன்

ஆசிரியர் முதலில் தனியாக இரண்டு முறை போய் அவரோடு பேச வேண்டும். பிள்ளைகள் வருவார்கள், பேச்சுப் பேச வேண்டாம், வழக்கமான வேலையைச் செய்தால் போதும் என்று சொல்லுங்கள். வேட்டியை மாற்றிக்கொண்டு, வேலையை நிறுத்திவிட்டு நிற்பார், அதுதான் இயல்பு. இரண்டாவது முறை போகும்போது அந்தக் கூச்சம் குறையும்.

அன்றைய கூலியைக் கொடுங்கள். ஊரில் என்ன நடக்கிறதோ அந்தத் தொகை, உறையில் போட்டு, வேலை தொடங்கும் முன். ஃப்ளெக்ஸுக்கும் பொன்னாடைக்கும் வைத்த பணம் இதற்குச் சரியாக இருக்கும். சேவை செய்கிறவருக்குக் காசா என்று யாராவது கேட்பார்கள். அவர் அரைநாள் வேலையை விட்டுவிட்டு உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்.

30 பேரையும் ஒரே நாளில் கூட்டிப் போகாதீர்கள். பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது, காதிலும் விழாது. 10 பேர் வீதம் மூன்று சனிக்கிழமைகள், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோர். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, முதலுதவிப் பெட்டி, நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். நீர்நிலை என்றால் ஒரு விதி: நீச்சல் தெரிந்தாலும் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. தூர் எடுத்த கண்மாயில் கரையிலிருந்து இரண்டடி தள்ளி ஆளுயரப் பள்ளம் இருக்கலாம். ஓர் ஆசிரியர் தண்ணீர் ஓரமாகவே நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது.

அடுத்து கேள்விகள். எல்லாம் கெட்டுப்போகும் இடம் இது. "நீங்கள் ஏன் இந்தச் சேவையைச் செய்கிறீர்கள்?", "மாணவர்களுக்கு நீங்கள் கூற விரும்பும் அறிவுரை என்ன?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் மேடைப் பேச்சுதான் வரும். கேள்வி கையைப் பற்றியும், கருவியைப் பற்றியும், தோற்றதைப் பற்றியும் இருக்க வேண்டும்.

"மடையைத் திறக்கணும்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க தாத்தா?"
"யாருக்கும் தெரியாம ராத்திரி மடையைத் திறந்து விட்டுட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"
"உங்களோட சண்டைக்கு வந்தவங்க யாராவது இருக்காங்களா?"
"குப்பையில எது கையைக் கிழிக்கும் அக்கா?"
"விதை பூச்சி அரிச்சுப்போனா எப்பத் தெரியும் பாட்டி?"

ஒரு பிள்ளைக்கு இரண்டு கேள்விகள். ஒன்று எழுதி எடுத்துப் போவது, இன்னொன்று அங்கே பார்த்தபின் தோன்றுவது. எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்து உடைத்துவிடுங்கள்.

அந்தக் காலை

ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். முதல் அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும். நோட்டில் எழுத வேண்டாம், அவர் கையில் இருக்கும் ஒரு கருவியை வரையச் சொல்லுங்கள். மண்வெட்டியை வரையும் பிள்ளை, அதன் தகடு ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி எந்த ஆசிரியருக்கும் தோன்றாது. பிறகு கேள்விகள், அதிகம் போனால் 40 நிமிடம். கடைசி ஒரு மணி நேரம் அவர் சொல்கிற வேலையை அவரோடு செய்வது. கரையில் முள்செடி வெட்டுவதோ, குப்பைப் பையைப் பிரிப்பதோ, காய்ந்த நெற்று உடைப்பதோ, எதுவானாலும் சரி. செல்போனை ஓர் ஆசிரியர் மட்டும் வைத்திருக்கட்டும். படம் எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள், குப்பையோடு நிற்கும் படம் வெளியே போவதைப் பலர் விரும்புவதில்லை.

பத்து நாளுக்குள் வேலை

சூடு பத்து நாள்தான் இருக்கும். அதற்குள் பிள்ளைகள் தங்கள் கையால் ஒன்றைத் தொடங்க வேண்டும். பார்த்தவரின் வேலையைத் தொட்டே அது இருக்கட்டும், கீழே உள்ளவற்றில் ஒன்று போதும். விதைப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்து சுவரில் ஓவியம் வரையாதீர்கள்.

விதைக் கடன்: ஜெயராமன் கணக்கை வகுப்புக்குச் சுருக்கியது. ஆடிப்பட்டத்தில் ஆளுக்கு 5 நாட்டு வெண்டை விதை. பொங்கலுக்குள் 10ஆகத் திருப்பித் தர வேண்டும். கடையில் வாங்கும் ஹைபிரிட் பாக்கெட் கூடாது. அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போல் வராது, பிள்ளைகள் தங்கள் தவறென்று நினைப்பார்கள். பூசணி, சுரை வேண்டாம். பக்கத்து வீட்டு வகையோடு மகரந்தம் கலந்துவிடும். வெண்டை, அவரை நல்ல தொடக்கம். ஒரு செடியில் நல்ல காய் இரண்டைப் பறிக்காமல் முற்றவிட்டு ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சாம்பாருக்குப் போய்விடும். காய் பழுப்பாகிக் காய்ந்ததும், பெருமழை பிடிப்பதற்கு முன் பறித்துவிடுங்கள். நனைந்த நெற்றில் பூஞ்சணம் வரும். நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி, மூடியுள்ள பாட்டிலில் வைத்துத் தேதி எழுதி ஒட்டுங்கள். 30 பேரில் 12 பேர் திருப்பிக் கொடுத்தாலே நல்ல ஆண்டு.

குப்பை எடை: தூய்மைக் காவலரோடு போன குழுவுக்கு. கொக்கியில் மாட்டும் தராசு ஒன்று, நான்கு சாக்கு, கையுறை. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக் குப்பையை உணவு, தாள், பிளாஸ்டிக் உறை, மற்றவை என்று பிரித்து எடை போட்டு, வருகைப்பதிவால் வகுத்து, தலைக்கு எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். கண்ணாடி, பிளேடு, நாப்கின் இவற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை அந்த அக்காவை அழைத்துச் சாக்குகளைக் காட்டி, "சரியாப் பிரிச்சிருக்கோமா?" என்று கேளுங்கள். அவர் பிழை கண்டுபிடிக்கட்டும். அன்று அவர்தான் ஆசிரியர்.

பனை: நீர்க்கட்டியோடு போன குழுவுக்கு இதுவே பொருத்தம், தண்ணீர் ஊற்றும் பிரச்சினையும் இல்லை. ஆடி, ஆவணியில் விழும் பழங்களைச் சேகரியுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். சதையை நீக்கி நிழலில் வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில், மழைக்கு முன், ஓரடி ஆழக் குழியில், 10 அடிக்கு ஒன்றாக. கண்மாய்க் கரை என்றால் ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் முதலில் கேட்டுவிட்டு, எந்தப் பக்கம், மடையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று நீர்க்கட்டி காட்டும் இடத்தில் மட்டும் போடுங்கள். பள்ளிக்கு 50 விதை போதும்.

வேம்பு வளர்க்க நினைத்தால் விதையைச் சேமித்து வைக்காதீர்கள். பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்திலேயே முளைப்புத்திறன் இறங்க ஆரம்பிக்கும். செம்மண் 2, மணல் 1, மக்கிய எரு 1 என்று கலந்து பால் பாக்கெட்டில் நிரப்பி, அடியில் நான்கு துளை போட்டு, உடனே போடுங்கள். அந்தக் கன்றுகளை இந்த ஆண்டே நடத் துடிக்காமல் அடுத்த ஆண்டு மழைக்கு, ஒன்றரை இரண்டடி உயரம் வந்தபின், ஒன்றரை அடி நீள அகல ஆழக் குழியில் நடுங்கள்.

எங்கே கவிழும்

காலாண்டுத் தேர்வில்தான் பெரும்பாலும் கவிழும். செப்டம்பரில் மூன்று வாரம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எனவே யார் எந்த வாரம் கவனிப்பது என்று முறை போடும்போது தேர்வு வாரங்களுக்கு வாட்ச்மேன், சத்துணவு அமைப்பாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு பெரியவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, ஆசிரியர் மாறுதல். எல்லாம் ஒருவர் தலையில் இருந்தால் அவரோடு போய்விடும். ஒரு நீள நோட்டில் தேதி, செய்தவர், உயிரோடு இருப்பவை, செத்தவை, ஏன் என்று ஐந்து பத்திகள் போட்டு, அதை மாணவரே வைத்திருக்கட்டும். 'ஏன்' பத்தியைக் காலியாக விடாதீர்கள். "ஆடு" என்று மூன்று வாரம் தொடர்ந்து எழுதியிருந்தால் நான்காம் வாரம் முள்வேலி வந்துவிடும்.

மூன்றாவது, போட்டி. எந்த வீட்டுச் செடி பெரியது என்று பரிசு கொடுத்தால், இரவோடு இரவாக அப்பா யூரியா போடுவார்.

அடுத்த ஆண்டு அதே மாதம் உங்கள் முன்மாதிரியைத் திரும்பக் கூப்பிட்டு நோட்டைப் படித்துக் காட்டுங்கள். பனை போட்ட குழுவுக்கு அப்போது காட்ட அதிகம் இருக்காது. பனங்கொட்டை முதலில் கீழ்நோக்கித்தான் கிழங்கு விடும், மேலே இலை தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும். "செத்துப்போச்சு சார்" என்று சில பிள்ளைகள் தோண்டிப் பார்ப்பார்கள். தோண்டினால் அது நிஜமாகவே போய்விடும். 50இல் ஐந்தை மட்டும் பள்ளியில் மணல் நிரப்பிய சாக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். தோண்டிப் பார்ப்பதற்கென்றே அந்த ஐந்து.